சிரிப்புக்கு எத்தனை பல்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இந்த ஒரு விஷயத்தை வைத்து உறவுக்காரர்கள் பன்னிரண்டு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றுகூடப் புதிதாக வந்தபாடில்லை.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அவர் லேபுக்கு அனுப்பும் அச்சைப் பார்த்து, முகம் தெரியாத மனிதர்களுக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்து கொடுப்பார். யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். ஒரு சிநேகிதி வீட்டில் முதல்முறை சந்தித்தபோது, நான் எதற்கோ சிரிக்க, "உங்க கடைவாய்ப் பல் ரொம்ப அழகா உட்கார்ந்திருக்குங்க" என்றார். வேறு யாரும் என் கடைவாய்ப் பல்லைப் பாராட்டியதில்லை. அந்த மயக்கத்தில்தான் கட்டிக்கொண்டேன்.

போன வருடம் மழை ஓய்ந்த கையோடு எனக்குத் தூக்கம் குறைந்தது. கவலைப்படும்படி இல்லை, பெருமைப்படும்படி. மூன்று மணி நேரம் படுத்தால் போதும், உடம்பு பம்பரமாகச் சுற்றியது. ஒரு நாளைக்குப் பதினான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஊரில் உள்ள ரவுண்டானாக்கள் எல்லாமே தப்பாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஒரு விடிகாலையில் எனக்குப் புரிந்துபோயிற்று. அறுபத்திரண்டு பக்கத்தில் மனு எழுதி, பதினேழு அதிகாரிகளிடம் நேரில் கொடுத்தேன். பதினெட்டாவது அதிகாரி வீட்டில் இல்லை. அவருடைய நாயிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, மனுவை அதன் கூண்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அது கவனமாகத்தான் கேட்டது.

கடைசியாக, எங்கள் தெருமுனையில் மக்கள் கடக்கக் கோடு இல்லையே என்று, இரண்டு வாளி வெள்ளைப் பெயின்ட் வாங்கி நானே போட்டேன். ஆறு பட்டை. அழிக்க வந்த நகராட்சி ஆட்கள்கூட அளந்து பார்த்துவிட்டு, "அளவெல்லாம் கரெக்ட்டாத்தான் இருக்கு" என்றார்கள். அவர்கள் அழிக்கத் தொடங்கியதும் நான் நடுப்பட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதை மட்டும் இன்னும் எனக்குச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. அதே வாரம் ஒரு மாணவியைச் சிவப்பு விளக்கில் நிற்காமல் போகச் சொன்னேன். "சிவப்பு மத்தவங்களுக்கு, நமக்கு இல்ல" என்றேனாம். அந்தப் பெண் பாவம், குருவை நம்பிப் போய்விட்டது. ஒரு லாரி டிரைவர் சரியான நேரத்தில் பிரேக் போட்டதால் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

அதற்குப் பிறகு இறக்கம். மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன். ஒரு டம்ளரைக் கழுவ வேண்டும் என்று காலையில் நினைப்பேன். சாயங்காலம் அந்த டம்ளர் அங்கேயே இருக்கும், நானும் அங்கேயே இருப்பேன். அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

டாக்டர் இதற்குப் பெயர் பைபோலார் என்றார். மனம் சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அளவுக்கு மீறி இறங்கும். நடுவில் நன்றாகவும் இருக்கும்.

"இது குணக்கோளாறு இல்லம்மா, நோய். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார்.

என் கணவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கொஞ்சமா ஏறினா பரவாயில்லையா டாக்டர்? அந்த மாசம் வீடு ரொம்ப சுத்தமா இருந்துச்சு" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். சீட்டில் இன்னொரு பெயரை எழுதினார். "மாத்திரையோட தெரபியும் வேணும். திரும்ப வர்றதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கத்துக்கணும். ரெண்டு பேரும் போங்க."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உட்கார வைத்துக் கேள்வி கேட்பதற்கு ஒரு ஆள் எதற்கு? என் நாத்தனார் அதைக் கூப்பிடாமலே வந்து செய்வார். என் கணவரின் அக்காவான அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தம்பி வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருப்பவர்.

ஆனால் தெரபிஸ்ட் வேறு மாதிரி இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். நான் என் ரவுண்டானா மனுவைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. "அதுல எத்தனையாவது பக்கம் எழுதறப்ப உங்களுக்கே தலை சுத்த ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. நாற்பதாவது பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

தினமும் எத்தனை மணிக்கு எழுந்தேன், எப்போது சாப்பிட்டேன், எப்போது படுத்தேன், மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார். தூங்கும் நேரமும் எழும் நேரமும் ஒழுங்காக இருந்தால் இந்த நோய் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வண்டிக்கு லாக்புக் எழுதிப் பழகிய கை.

இப்படி எட்டு மாதம் போனது. நான் தேறிவிட்டேன். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் எல்லோரிடமும், எதிரில் இருந்தாலும்கூட, சிக்னல் கிடைக்காத போனில் பேசுவது போலக் கத்தித்தான் பேசுவார்.

"கடிதம் சரிம்மா. உங்களை மாதிரி சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. ஆனா வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை சொல்லட்டும். பக்கத்துல இருந்து பார்க்கிறவர் அவர்தானே."

"சார், நீங்க ஸ்கூல் ஆரம்பிச்சப்ப உங்க வீட்டம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா நான் இன்னைக்கு இந்த நாற்காலியிலயே இருக்க மாட்டேனே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஆக, எல்லாம் என் கணவரின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நல்லபடியாகக் கேட்டேன். கோபமாகக் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்பார். என்ன பார்க்கிறார் என்று சொல்ல மாட்டார். ஆனால் நான் டிவி பார்த்துச் சிரிக்கும்போது அவர் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். உதடு மெல்ல அசையும். பிறகு எழுந்து உள்ளே போய்விடுவார்.

அடுத்த தெரபிக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு நோய் தொடங்கும்போது தெரியும் அறிகுறிகளை இருவரும் தனித்தனியே எழுதி வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். நான் நான்கு எழுதியிருந்தேன். அவர் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே இருந்தார். இருபத்து மூன்று.

தெரபிஸ்ட் வாங்கிப் படித்தார். "அலமாரியை மாத்தி அடுக்குறது. பாத்திரம் கழுவும்போது பாடுறது. பெரியவங்களை எதிர்த்துப் பேசுறது. என் தம்பியைக் கடைக்கு அனுப்புறது." நிமிர்ந்தார். "என் தம்பியா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். "அக்காவும் கொஞ்சம் சொன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

"எத்தனை சொன்னாங்க?"

"பதினாலு. இன்னும் இருக்கு, சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்னாங்க."

தெரபிஸ்ட் மேலே படித்தார். "இருபத்தொண்ணு. சிரிப்பு, எட்டுக்கு மேல். எட்டுன்னா? ஒரு நாளைக்கு எட்டு தடவையா?"

"இல்லீங்க. எட்டு பல்லு."

 என் கணவர் பையைத் திறந்து கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து, மேஜையில் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டார். வேலை விஷயம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கூச்சமே கிடையாது.

"இவ நல்லா இருக்கிற நாள்ல சிரிச்சா மேல்வரிசையில எட்டு பல் தெரியும். அது இவளோட அளவு. பெயின்ட் அடிச்ச வாரம் பன்னெண்டு தெரிஞ்சுது, நான் பார்த்தேன். படுத்துக் கிடந்தப்ப ஒண்ணுமே இல்ல. அதனால தினமும் குறிச்சுட்டு வர்றேன். எட்டு வரைக்கும் கவலை இல்ல. பத்து வந்தா டாக்டருக்கு போன் பண்ணணும்."

"கீழ்வரிசை தெரிஞ்சா?" என்று நான் கேட்டேன்.

"நேரா ஆஸ்பத்திரி" என்றார், நான் கேலி செய்கிறேன் என்று தெரியாமல்.

தெரபிஸ்ட் தண்ணீர் குடித்தார். தேவைக்கு அதிகமான நேரம் டம்ளரை முகத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்து போனார்.

"கடைசி ஆறு வாரமா இந்தக் கோடு இறங்கிக்கிட்டே வருதே. ஆறு, அஞ்சு, மூணு. இந்த வாரம் ரெண்டு. இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்க?"

"குணமாயிட்டு வர்றா" என்றார் அவர்.

"நீங்க?" என்று தெரபிஸ்ட் என்னிடம் கேட்டார்.

"இவர் எண்ணுறார்னு தெரிஞ்சுது. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "தெரியுமா உனக்கு?"

"உதடு அசையுதே. சினிமா பார்க்கிறப்ப பக்கத்துல ஒருத்தர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினா எப்படிங்க சிரிக்கிறது? இப்பல்லாம் சிரிப்பு வந்தா பாத்ரூமுக்குப் போய்ச் சிரிச்சுட்டு வர்றேன். அங்கேயும் ரொம்ப நேரம் இருந்தா கதவைத் தட்டுறீங்க."

  என் கணவர் தாளை மடித்தார். சரியாக மடிய மாட்டேன் என்றது.

"அந்த பெயின்ட் வாளியை இவளுக்கு நான்தான் தூக்கிக் கொடுத்தேன்" என்றார்.

எனக்கு அது நினைவே இல்லை.

"ரெண்டு வாரமா இவ சிரிச்சுக்கிட்டே இருந்தா. எவ்வளவு சந்தோஷமா இருக்கான்னு நினைச்சேன். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வாளி கனமா இருக்கு, குடுன்னு வாங்கி தெருமுனை வரைக்கும் நான்தான் கொண்டுபோய் வெச்சேன். அப்புறம் லேபுக்குப் போயிட்டேன். மத்தியானம் போன் வருது, உங்க வீட்டம்மா நடுரோட்ல உட்கார்ந்திருக்காங்கன்னு." அவர் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. "நோய்னு தெரியாம கைதட்டிக்கிட்டு இருந்திருக்கேன். திரும்ப அப்படி ஏமாறக் கூடாதில்ல. பல்லு பொய் சொல்லாது."

பன்னிரண்டு வருடத்தில் அவர் பல்லைப் பற்றிப் பேசி என் கண்ணில் தண்ணீர் வந்தது அதுதான் முதல்முறை.

தெரபிஸ்ட் மெதுவாகத்தான் பேசினார். "சந்தோஷம் நோய் இல்ல சார். ஒரு நாள் சோகமா இருந்தா அதுவும் நோய் இல்ல. சிரிச்சா பயம், அழுதா பயம்னா இவங்க எப்படித்தான் இருக்கிறது? ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்க்காதீங்க. எது எது சேர்ந்து வருதுன்னு பாருங்க. தூக்கம் குறைஞ்சும் களைப்பே இல்லாம இருக்கிறது. ஒண்ணு முடியாம அடுத்ததை ஆரம்பிக்கிறது. நடுவுல யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாத மாதிரி வேகமாப் பேசுறது. இந்த மூணும் உங்க ரெண்டு பேர் பட்டியல்லயும் இருக்கு. இது போதும்."

"மத்த இருபது?"

"அதுல பதினாலை அக்காகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க."

பிறகு எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டம் போட்டார். என் கணவர் எதையாவது கவனித்தால், பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். 'உனக்கு ஏறுது', 'மாத்திரை போட்டியா' என்றெல்லாம் கூடாது. நான் அதைக் கேட்டதும் சண்டைக்குப் போகாமல், ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும், அன்று ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. இதை நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நன்றாக இருக்கும்போது நான் எடுத்த முடிவு இது, வேறு யாரும் என் மேல் திணித்தது இல்லை என்று தெரியத்தான் என் கையெழுத்து என்றார் தெரபிஸ்ட்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதே என் கணவர் முதலாளிக்குப் போன் செய்தார். "அவ வரட்டும் சார்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பாடு.

முதலாளி ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒரே ஒரு மாணவரைக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கு ஒரு கணக்கு வாத்தியார். ஐம்பத்தெட்டு வயது. வண்டியில் ஏறும்போதே நோட்டுப் புத்தகத்தோடு ஏறினார்.

"ரிவர்ஸ்ல பார்க் பண்றப்ப ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பணும் மேடம்?"

"டிகிரி எல்லாம் இல்ல சார். கண்ணாடியைப் பாருங்க. கை தானா வரும்."

"தானா எப்படி வரும்? ஒரு ஃபார்முலா இருக்கணுமே."

பக்கத்து சீட்டில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. கற்றுக்கொடுக்கும் வண்டியில் அப்படித்தான். அந்த மனிதரோடு முதல் வாரம் என் வலது கால் ஓய்வே அறியவில்லை. ஆனால் அந்த பிரேக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் எதற்கெடுத்தாலும் மிதித்தால், ஓட்டுகிறவர் தன் காலை நம்பவே மாட்டார். மிதிக்காமலே இருந்தால் இருவரும் சுவரில் இருப்போம். இதை அன்றைக்கு வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எப்ப மிதிக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"தப்பா மிதிச்சு மிதிச்சுத்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் டிவியைத்தான் பார்க்கிறார். நான் பலமாகச் சிரித்தால் அவர் காது நுனி மட்டும் கொஞ்சம் அசையும். அதை நான் கண்டுகொள்வதில்லை.

நாத்தனாருக்குத்தான் வருத்தம். "நான் சொன்ன பதினாலையும் தூக்கிப் போட்டுட்டாங்களாமே" என்று வந்து உட்கார்ந்தார்.

"தூக்கிப் போடலை அண்ணி. உங்ககிட்டயே திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க."

"நான் என்ன நோயாளியா?"

"நானும் அதைத்தான் சொன்னேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். "எதிர்த்துப் பேசுறது நோய் இல்லைன்னா, பின்ன என்ன?"

"பேச்சு அண்ணி. வெறும் பேச்சு."

மூன்று வாரம் போனது. நோட்டில் தூக்கம் ஏழு மணி நேரம், ஏழு, ஏழரை என்று அணிவகுத்து நின்றது. வாத்தியார் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒரு வியாழக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் பெண்களுக்கென்று தனியாக ஒரு பேட்ச் தொடங்கப்போவதாகச் சொன்னார். பன்னிரண்டு பேர். "உங்களுக்குத்தான் குடுக்கலாம்னு இருக்கேன். இந்த மாசம் முடியட்டும்."

வீடு வரைக்கும் நடந்தா போனேன்? மிதந்து போனேன். அன்று படுக்கையில் அந்தப் பன்னிரண்டு பெண்களும் வரிசையாக வந்து கேள்வி கேட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. களைப்பே இல்லை. எழுந்து பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குளித்து, உடுத்தி, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வாத்தியார் காத்திருப்பார்.

என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே போனார். திரும்பி வந்து நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." பிறகு, "இல்ல, இருக்கு" என்றார். அவர் முகம் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல் இருந்தது. "நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். நேத்து மூணு மணிக்கு எழுந்த. இன்னைக்கும் மூணு மணிக்கு எழுந்த. பாடத்திட்டம்னு நேத்து சொன்னப்ப எட்டு பக்கம் இருந்துச்சு. இப்ப எழுபத்தொண்ணு. நாப்பத்தி நாலாவது பக்கத்துல இருந்து ரவுண்டானா படமா இருக்கு. அவ்வளவுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வேலை கிடைக்கப்போகிறது, அந்தச் சந்தோஷத்தில் நான்கு பக்கம் எழுதினால் அதுவும் நோயா? ஊர் உலகத்தில் வேலை கிடைத்தவர்கள் எல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிறார்களா?

"எத்தனை பல் தெரிஞ்சுதாம்?" என்றேன். வேண்டுமென்றே குத்துவதற்காகத்தான் கேட்டேன்.

"பல்லை நான் பார்க்கலை" என்றார்.

ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். மாத்திரை போட்டியா என்று கேட்கவில்லை. அக்காவைக் கூப்பிடட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல சண்டை ஒன்று கிடைத்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டே கிளம்பிப் போயிருப்பேன். நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட சட்டம், தண்ணீராக எதிரில் நின்றது.

வேறு வழியில்லாமல் குடித்தேன். முதல் வாயில், இந்த மனிதருக்கு என் வளர்ச்சி பொறுக்கவில்லை என்று தோன்றியது. இரண்டாவது வாயில், முதலாளிக்குத் தெரிந்தால் பேட்ச் போய்விடும் என்று தோன்றியது. வேலையே போய்விடும். மூன்று வாரம் கஷ்டப்பட்டு எட்டிப் பிடித்தது. எனக்கு ஒன்றுமே இல்லை, நான் இவ்வளவு தெளிவாக இருந்ததே கிடையாது. பாதி குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தேன். இவ்வளவு தெளிவாக இருந்ததே கிடையாது என்று நான் ஒருமுறை ஏற்கெனவே நினைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே சிவப்பு விளக்கு.

இன்று பக்கத்தில் உட்காரப்போவது வாத்தியார். நான் போகச் சொன்னால் போய்விடுவார். அவரும் இப்போது ஃபார்முலா கேட்பதை விட்டுவிட்டு என்னை நம்பத் தொடங்கிவிட்டார்.

மீதித் தண்ணீரைக் குடித்தேன். டாக்டருக்குப் போன் செய்தேன். பத்து மணிக்கு வரச் சொன்னார். அடுத்து முதலாளிக்கு.

"சார், இன்னைக்கு என்னால வண்டி எடுக்க முடியாது. ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல. எனக்கு அது ஆகாது. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வர மாட்டேன்."

எதிர்முனையில் குரல் தணிந்தது. இத்தனை காலத்தில் அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை. "சரி, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார். அந்த 'பார்க்கிறேன்' என்ற சொல்லை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் அதில் நல்லது எதுவும் தெரியவில்லை.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. நல்ல வேலை பண்ணினீங்க. வரிசையா ஏழு ராத்திரி ஒழுங்கா தூங்கணும். அதுக்கப்புறம் வண்டி." பாடத்திட்டத்தை என் கணவர் லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் பேனா எதுவும் கண்ணில் படவில்லை. விளக்கு ஒன்பதரைக்கு அணைந்தது. முதல் இரண்டு நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தலைக்குள் கூட்டம் கலைந்தது போல் இருந்தது. நான்காம் நாள் நன்றாகவே ஆகிவிட்டது. மதியம் சாப்பிட்டதும் கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவியை நான் எவ்வளவு மரியாதையோடு வரவேற்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் முதலாளியிடமிருந்து போன்.

"அம்மா, நாளைக்கு வாத்தியாருக்கு டெஸ்ட். நாலு நாளா வேற ஆளைப் போட்டா ஏற மாட்டேங்கிறார். மேடம் வரட்டும்ங்கிறார். இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். தூங்கறேன்."

"அப்ப நாளைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போயிடுங்களேன். டெஸ்ட் ஒண்ணு முடிஞ்சா போதும்."

 உள்ளே என் கணவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது முடிவு செய்திருப்பேன். உண்மையிலேயே நான் நன்றாக இருந்தேன். போயிருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது.

"நாலு ராத்திரிதான் ஆச்சு சார். ஏழு ஆகணும். ஞாயிற்றுக்கிழமை வேணும்னா வர்றேன். டாக்டர் பார்த்த அப்புறம்."

"டெஸ்ட் நாளைக்காச்சே."

"நீங்களே கூட்டிட்டுப் போங்க. கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்க, போதும். அவர் ஓட்டிடுவார்."

 நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறதென்றால் போகட்டும் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும்.

"நம்ம இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் இருக்கான் பாருங்க" என்றார் முதலாளி. "போன வாரம் நாலு நாள் காய்ச்சலோட வண்டி எடுத்திருக்கான். கேட்டா, லீவு கேட்டா நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சுன்னான். பின்சீட்ல ஒரு பொண்ணு, முன்சீட்ல ஒரு பெரியவர், நடுவுல இவன் கண்ணைச் சொருகிக்கிட்டு. என் பிழைப்பு இப்படி நடந்துக்கிட்டு இருக்கு." அவர் பெருமூச்சு விட்டது போனில் புயல் மாதிரி கேட்டது. "முடியலைன்னு முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். அந்தப் பொம்பளைங்க பேட்ச் உங்களுக்குத்தான். ஆனா காலையில மட்டும்தான் வெச்சுப்போம், சாயங்காலம் வேண்டாம். பன்னெண்டு பேர் அதிகமா இருந்தா எட்டா குறைச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?"

"எட்டு போதும் சார்."

"சரி. நல்லா தூங்குங்க" என்று கத்திவிட்டு வைத்தார்.

நான் உள்ளே போனேன். என் கணவர் ஒரு நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். பிரித்தார். மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.

"ஒட்டுக்கேட்டீங்களா?"

"இல்லையே."

"அந்தச் சட்டையை எத்தனை தடவை மடிப்பீங்க?"

அவர் கையைப் பார்த்தார். "இது என்னோடது இல்ல போலிருக்கே" என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரரோடது. கொடியில மாத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"பேட்ச்?"

"எனக்குத்தான்."

அவர் அந்தப் பக்கத்து வீட்டுச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையைத் திருப்பிக் கொடுக்க யார் போவது என்று ஒன்பதேகால் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.